வீட்டு அறையைச் சுற்றுலாப் பயணிக்கு விடப் போகிறீர்களா? கந்தோருக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்

எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு அக்கா பொலித்தீன் பையோடு வந்தார். உள்ளே காணி உறுதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, அறையும் கிணறும் தெரிய எடுத்த நாலு படம். சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுகிற வீடாகப் பதிய ஆறு தரம் கந்தோர் ஏறி இறங்கியிருந்தார். ஒவ்வொரு தரமும் இன்னொரு துண்டு குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேண்டிய துண்டுகள் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் பிழை எங்கே என்று பார்த்தால், அது சீதன வீடு, உறுதி அக்காவின் பெயரில். வியாபாரப் பெயரை அத்தான் தன் பெயரில் பதிந்திருந்தார். இதைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

யாழ்தேவி ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது, பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் கப்பல் ஓடத் தொடங்கியது. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கும் நெடுந்தீவுக்கும் மணற்காட்டுக்கும் ஆட்கள் வருகிறார்கள், ஊர்ச் சனத்திடம் அறையும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை இந்த வீடுகளை ‘ஹோம்ஸ்டே’ என்று பதிகிறது. சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்கள் வேறு.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். சொந்தக்காரக் குடும்பம் அதே வீட்டில் இருந்துகொண்டு அறை விட்டால்தான் ஹோம்ஸ்டே. வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆள் வந்தால் திறப்பைக் கொடுப்போம் என்றால் பங்களா போன்ற வேறு வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கனக்க வீடுகளுக்குச் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். “தம்பி, நீ பார்த்துச் செய்” என்று வட்ஸ்அப்பில் சொன்னது எந்த மேசையிலும் எடுபடாது. அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகம் ஊடாக அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் செய்ய அதிகாரம் தருகிற பத்திரம்) எழுதி அனுப்பி, அது இங்கே பதியப்பட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் போகலாம். பெயின்ற் அடிக்க முந்தி இதைத் தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். உறுதியில் கல்யாணத்துக்கு முந்திய பெயர், அடையாள அட்டையில் கணவர் பெயரோடு சேர்ந்த பெயர், கரண்ட் பில்லில் செத்துப்போன அப்பாவின் பெயர். மூன்றும் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும், விதானையாருக்கும் தெரியும். கோப்புப் பார்க்கிற அலுவலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் மினக்கெடவும் மாட்டார். சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கையில் வையுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதியும்போது, உறுதியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரிலேயே பதியுங்கள். மூல உறுதியை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள். “திட்டம் வந்திருக்கு, உறுதியைத் தாங்கோ, நாங்கள் பதிஞ்சு தாறம்” என்று மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம் கட்டாயம் வேண்டாம். காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுத்து, பிரதியைக் கொடுங்கள்.

வீட்டு வரைபடம் இன்னொரு தலையிடி. அப்பப்பா காலத்து நாற்சார் வீட்டுக்கு அங்கீகரித்த பிளான் எங்கே இருக்கப்போகிறது? பழைய வீட்டைவிட, பிறகு ஒட்டிக் கட்டிய குளியலறையில்தான் பிரதேச சபை பிடிக்கும். விண்ணப்பம் போடுமுன் அங்கே கேட்டு, அந்தப் புதுப் பகுதிக்கு அனுமதி எடுங்கள். சோலைவரி நிலுவை இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் காட்டியே ஒரு தரம் திருப்பி அனுப்புவார்கள்.

கடற்கரையோரக் காணி என்றால் இன்னும் கவனம். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் ஓலைக் கொட்டில் மாதிரி நாலு அறை போடுவதற்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மேசன் சொல்லமாட்டார். கட்டி முடித்த பிறகு கடிதம் வரும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு முந்தியே கூப்பிடுங்கள். நமது மண் சுண்ணாம்புக்கல், மலக்குழியில் இருந்து கசிவது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள இடைவெளியை அவர் கட்டாயம் பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும். அறையை அலங்கரித்த பிறகு குழியை மாற்றச் சொன்னால் காசு இரண்டு மடங்கு.

பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31இல் முடியும். கார்த்திகையில் காசு கட்டி, தை பிறந்ததும் மறுபடி கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அப்புறம், சுற்றுலா அதிகார சபையில் பதிந்த விடுதிக்கு முந்தைய வருட வருமானத்தில் 1 வீதம் வரை உரிமக் கட்டணம் விதிக்க 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இடம் தருகிறது. ஒரு கொப்பியில் வந்த ஆள், வந்த காசு இரண்டையும் எழுதி வையுங்கள். கணக்கு இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. புக்கிங் டொட் கொம்மில் வீட்டைப் போட்டதைப் பதிவு என்று நினைத்திருப்பவர்களும் உண்டு. அது வெறும் விளம்பரம்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் யாரிடமும் கெஞ்சி வாசிப்பிக்க வேண்டாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் பதில் பெற உங்களுக்கு அரசியலமைப்பிலேயே உரிமை இருக்கிறது. தமிழில் தாருங்கள் என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

“பைல் மேல போயிட்டுது, வரும்” என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்தக் கந்தோரில் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டே கேள்வி எழுதுங்கள். எனது கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? இன்னும் என்னென்ன ஆவணம் குறைகிறது? 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு 14 நாள்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அக்காவுக்கும் அதைத்தான் எழுதினோம், அரைப் பக்கம். பத்தாம் நாள் ஒரு தாள் வந்தது, குறைகிற ஆவணங்கள் மூன்றும் வரிசையாக எழுதியிருந்தது. ஆறு தரம் போயும் கிடைக்காத தாள் அது. நீங்கள் எழுதும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் வாங்கியவரின் கையெழுத்தும் விழுந்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்புங்கள். முத்திரை குத்த மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டு, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள்.