டென்ட்ரிடிக் செல் வேக்சின்: தடுக்காத ஊசிக்குத் தமிழில் என்ன பெயர்?

‘டென்ட்ரிடிக் செல் வேக்சின்’ என்பதைப் ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ என்று மொழிபெயர்த்தால், போலியோ சொட்டு மருந்து மாதிரி முன்கூட்டியே போட்டுக்கொண்டால் புற்றே வராது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். உண்மையில் இது நோய் வந்த பிறகு கொடுக்கிற சிகிச்சை. நோயாளியின் வீட்டார் படிக்கிற சொல் என்பதால் இந்தக் குழப்பத்தைச் சின்ன விஷயம் என்று விட என்னால் முடியவில்லை.

முதலில் ‘டென்ட்ரிடிக்’. கிரேக்கத்தில் ‘டென்ட்ரான்’ என்றால் மரம். இந்தச் செல்லின் உடலிலிருந்து மரக்கிளைபோல நீட்சிகள் விரியும். 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் தோலில் இப்படிக் கிளைத்த செல்களைப் பார்த்து, நரம்புச் செல்கள் என்றே எண்ணினார். 1973இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கண்ட செல்லுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். கிருமியின் துணுக்கைப் பிடித்து, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், ‘இவனைப் பிடி’ என்று, நோயைத் தாக்குகிற டி செல்களுக்கு அடையாளம் காட்டுவதுதான் அதன் வேலை.

தமிழில் ‘கிளைச்செல்’ என்பதே போதும். ‘உயிரணு’ என்றால் பலருக்கு விந்தணுதான் நினைவுக்கு வருகிறது. இலங்கைப் பாடநூல் வழக்கில் செல் ‘கலம்’. அங்கே ‘கிளைக்கலம்’ எனலாம்.

அடுத்தது ‘வேக்சின்’. சிக்கல் இங்கேதான். லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. 1796இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்ததால் வந்த பெயர். அந்தச் சொல்லில் பசு இருக்கிறது, தடுப்பு இல்லை. அதனால்தான் சிகிச்சைக்கும் அதை நீட்ட முடிகிறது. நாம் ‘அம்மை குத்துதல்’ என்று சொல்லிவந்து, அப்புறம் ‘தடுப்பூசி’க்கு மாறினோம். அருமையான சொல். ஆனால் தடுப்பை உள்ளேயே வைத்திருக்கிறது. தடுக்காத ஒன்றுக்கு அது பொருந்தாது.

நடப்பது இதுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் புற்றின் அடையாளப் புரதத்தைக் காட்டிப் பழக்கி, அவர் உடலுக்கே திருப்பிச் செலுத்துவார்கள். 2010இல் அமெரிக்கா முற்றிய புராஸ்டேட் புற்றுக்கு அனுமதித்த சிபுலியூசெல்-டி இந்த வகை. சுமார் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை ஏற்றுவார்கள். ஆய்வில் அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) சுமார் 4 மாதம் கூடியிருந்தது. அற்புத மருந்து இல்லை. ஆனாலும் அந்த 4 மாதம் ஒரு குடும்பத்துக்குப் பெரியது.

ஸ்டைன்மனுக்கே 2007இல் கணையப் புற்று கண்டறியப்பட்டது. மற்றச் சிகிச்சைகளோடு, தான் கண்டறிந்த கிளைச்செல்களைக் கொண்டு செய்த ஊசிகளையும் போட்டுக்கொண்டார். 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து, அந்தச் செய்தி தெரியாமலே, நோபல் பரிசை அறிவித்தார்கள். பரிசு அவருக்கே நின்றது.

சரி, என்ன பெயர்? செல்களைத் தூண்டிவிடுகிற ஊசி என்பதால் ‘கிளைச்செல் தூண்டூசி’ என்பேன். கருப்பைவாய்ப் புற்றை வராமலே காக்கிற எச்பிவி ஊசிக்குத் ‘தடுப்பூசி’ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.