கருணை மனுவுக்கு முன்னால் இருக்கும் கதவு

சென்ற ஆண்டு ஒரு தாய் தம் மகனின் வழக்குக் கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தார். நண்பனின் பிறந்தநாளன்று தெருவில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டியதற்காக, 19 வயதில் அந்தப் பையன்மீது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் வழக்குப் பதிவாகியிருந்தது. "ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, மறு ஆண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் அன்று கலையும் வரையான சிறைத் தண்டனையும் அபராதமும் பெற்று அவன் வீடு திரும்பினான். அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பு வந்தபோதுதான், தன் பெயரில் ஒரு குற்றத் தீர்ப்பு நிற்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது.

ஆளுநருக்குக் கருணை மனு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அரசமைப்பின் 161-ஆவது உறுப்பு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரம், மாநில அரசின் நிருவாக அதிகாரம் செல்லும் பொருள்களைப் பற்றிய சட்டங்களோடு நின்றுவிடுகிறது. ஆயுதங்களோ ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 5-ஆவது இனம். ஆகவே அச்சட்டத்தின் தண்டனைக்கு 72-ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவரைத்தான் அணுக வேண்டும். தண்டனைக் குறைப்பு மட்டும் கிடைத்தால் அது குற்றத் தீர்ப்பை அழித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருப்பதால், மனுவில் முழு மன்னிப்பையே கேட்க வேண்டும்.

ஆயினும், அந்த மனுவை எழுதுவதற்கு முன் வழக்குக் கட்டை முதலிலிருந்து படியுங்கள் என்றே நான் சொல்வேன். ஆயுதச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மத்திய அரசின் அறிவிக்கை உள்ள பகுதிகளில்தான் வாள், கத்தி போன்றவற்றுக்கு உரிமம் கேட்கிறது. அந்த அறிவிக்கை கட்டில் இருக்கிறதா என்று பார்க்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அதைவிட முக்கியமானது 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் 6-ஆவது பிரிவின்படி, குற்றவாளி எனத் தீர்மானிக்கப்படும் நாளில் 21 வயது நிரம்பாத ஒருவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாத வரை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று ஆராயாமல் சிறைத் தண்டனைக்கு உட்படுத்தக் கூடாது. சிறைக்கு அனுப்பாமல், கண்டித்தோ (3-ஆவது பிரிவு) நன்னடத்தைப் பிணையின் பேரிலோ (4-ஆவது பிரிவு) விடுவிக்கப்பட்டவருக்கு, அத்தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது 12-ஆவது பிரிவு. சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை இருப்பது மட்டுமே இப்படி விடுவிப்பதற்குத் தடையாகாது என்பதும் 1972-இல் முடிவான விஷயம். வழக்கை இழுத்தடித்து 21 வயதைத் தாண்டவிடும் ஒவ்வொரு வாய்தாவும் அந்த 6-ஆவது பிரிவின் பாதுகாப்பைப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கிறது என்பது என்னை மிகவும் வருத்தும் செய்தி. (சம்பவ நாளில் 18 வயது நிரம்பாதிருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கே உரியது.)

இந்தப் பையன் ஒப்புக்கொண்ட நாளில் அவனுக்கு 20 வயதுதான்; கட்டில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை எதுவும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். நன்னடத்தை உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றமும் பிறப்பிக்கலாம். காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு மேல்முறையீட்டைத் தாக்கல் செய்திருக்கிறோம். குடியரசுத் தலைவருக்கான கருணை மனு, அது தோற்றால் மட்டும் அனுப்புவதற்காக, என் மேசையில் கையொப்பத்தோடு இருக்கிறது.