அடியில் பூஞ்சை கண்டால் நுனியும் வேண்டாம்

ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் இறங்கியதும் செங்கோட்டை, தென்காசி வீடுகளிலிருந்து ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். மேலே பச்சைப் பசேலென்று கோதுமைப்புல், அடியில் சாம்பல் பஞ்சு. கேள்வியும் ஒன்றேதான்: "பூஞ்சை அடியிலதான இருக்கு, மேல வெட்டி ஜூஸ் போட்டுக்கிடலாமா?"

கூடாது. கண்ணில் படும் பஞ்சு பூஞ்சையில் பாதிகூட இல்லை. தண்ணீர் தெளிக்கும்போதே அதன் வித்துகள் தெறித்துத் தாளில் ஒட்டுகின்றன, கத்தரி வைத்தால் இன்னும் பறக்கின்றன. கழுவினாலும் போகாது, மஞ்சள் தண்ணீரில் அலசினாலும் போகாது. ரசத்தில் போடும் மல்லித்தழையாவது சூட்டில் வாடும். இதைப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கிறீர்கள்! ஒரு பிடி கோதுமைக்குப் பார்த்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டைக் கிளறாமல் பையில் கட்டி வெளியே போடுங்கள். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்குப் பூஞ்சையே இல்லாத சாறும் வேண்டாம். (ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, பச்சைத் தழையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மல்லுக்கு நிற்கும்.)

முளைத்த இரண்டாம், மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாகச் சீராக நிற்பது வேர்த்தூவி, வேரின் மெல்லிய முடி; பூஞ்சை இல்லை. தண்ணீர் தெளித்தால் படிந்து மறையும், வாடை இருக்காது. சிலந்திவலை மாதிரி விதைக்கு விதை தாவினால், நீலமோ சாம்பலோ தட்டினால், புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சை.

பூஞ்சை வருவதற்கு முக்கியக் காரணம் விதை நெருக்கம். ஓரடிக்கு ஓரடி தட்டுக்கு 200 கிராம் போதும்; விதைமேல் விதை ஏறக் கூடாது. உடைந்த மணியையும் மிதப்பதையும் தயவுசெய்து பொறுக்கி எறியுங்கள், அழுகல் அதில்தான் தொடங்குகிறது. அதற்காக விதைக்கடைக்குப் போய்ச் சாயம் பூசிய விதையை வாங்கி வராதீர்கள், அது மருந்து தடவியது. ஊறல் 8 முதல் 10 மணி நேரம். துணியில் கட்டி முளை எட்டிப் பார்த்ததும், அடியில் ஓட்டை போட்ட தட்டில் ஓரங்குலம் கழுவிய தென்னைநார்க் கழிவின்மேல் பரப்புங்கள். ஈரச்சாக்கு மூடுவது இரண்டு நாள்தான். பிறகு தண்ணீர் காலையில் ஒருவேளை, ஓரமாக. துணியே காயாத சாரல் நாளில் மின்விசிறியை மெதுவாக இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள்.

ஆறு அங்குலம் வந்ததும் ஒரே வெட்டு. மறுதழைவுக்குக் காத்திருக்க வேண்டாம். வெட்டியபின் மிஞ்சும் வேர்க்கட்டைத் தென்னந்தூரில் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காய்ந்த பிறகே அடுத்த ஈடு.