கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் எங்கே போனது?

சம்பளப் பட்டியலை எக்செலில் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் எத்தனை முறைதான் சொல்வது? இந்த மாதம் மறுபடியும் ஒரு கோப்பு வந்தது. பதினாறு இலக்கக் கணக்கு எண்கள் அத்தனையும் பூஜ்ஜியத்தில் முடிகின்றன. கேட்டால், "வைரஸாக இருக்குமோ சார்?" என்கிறார் அனுப்பியவர்.

வைரஸ் இல்லை. 9007199254740993 என்று ஒரு காலி செல்லில் தட்டிவிட்டு, மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். 9007199254740990 என்று இருக்கும். அதே எண்ணைப் பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் கன்சோலில் கொடுத்தால் 992 என்று முடியும்.

நாம் தட்டிய எண் 2-இன் 53ஆம் அடுக்கைவிட ஒன்று அதிகமான எண். கணினிகள் எண்களைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படுத்தும் ஐஇஇஇ 754 இரட்டைத் துல்லிய முறையில் ஓர் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட்தான் (0, 1 என்ற இரும இலக்கம்) இடம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் அதில் அடங்காமல் நிற்கும் முதல் முழு எண் இதுதான். அதற்கு மேல் 54ஆம் அடுக்கு வரை இரட்டை எண்களுக்கு மட்டுமே இடம் உண்டு, பிறகு நான்கின் மடங்குகளுக்கு. எக்செல் இன்னும் கறார்: 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 78; ஆகவே மூன்றால் வகுபடும். 992இல் முடிவது வகுபடாது, பிழை தெரிந்துவிடும். எக்செல் தருவதோ சரியாக மூன்று குறைவு என்பதால் அதுவும் வகுபட்டுத் தொலைக்கிறது!

என் பொறுமையைச் சோதிப்பது வேறொன்று. "செல்லை டெக்ஸ்ட் ஆக மாற்றிவிட்டேன், இப்போது சரிதானே?" சரியில்லை. எண்ணை உள்ளிட்ட அந்த நொடியே கடைசி இலக்கம் போய்விட்டது. அது எங்கும் ஒளிந்திருக்கவில்லை. பிறகு டெக்ஸ்ட் ஆக்கினாலும், தசமத்தைக் கூட்டிக் குறைத்தாலும், செல்லை அகலப்படுத்தினாலும் திரும்பாது. 9.0072E+15 என்று தெரிவது வெறும் தோற்றம்; அதை மாற்றலாம். பூஜ்ஜியம் தோற்றம் அல்ல, இழப்பு. மூலப் பட்டியலிலிருந்து மறுபடி எடுப்பது ஒன்றே வழி.

மொபைல் எண் பத்து இலக்கம், ஆதார் பன்னிரண்டு. இரண்டும் பதினைந்துக்குள் அடங்குவதால்தான் பலருக்கு எண்ணை டெக்ஸ்ட் ஆக வைக்கும் பழக்கம் வரவில்லை.

காலி நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்குங்கள், பிறகு எண்களை ஒட்டுங்கள். ஒன்றிரண்டு எண்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள்குறி போதும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்து அப்படியே சேமிக்கவே கூடாது. இறக்குமதி வழியில் திறந்து அந்த நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். முன்னால் வரும் பூஜ்ஜியங்களும் அப்போது பிழைக்கும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ட்வீட்களின் அடையாள எண்கள் 53 பிட்டைத் தாண்டவிருந்தபோது ட்விட்டர் அவற்றை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. கூட்டவோ பெருக்கவோ போகாத எண்ணை நீங்கள் மட்டும் ஏன் எண்ணாக வைத்திருக்கிறீர்கள்?

டெக்ஸ்ட் ஆக்கிய பிறகும் கவுண்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் எக்செல் ஃபார்முலா) கொண்டு இரட்டைப் பதிவு தேடாதீர்கள். அது டெக்ஸ்ட்டையும் எண்ணாக்கிப் பார்த்து, முதல் 15 இலக்கம் ஒத்திருந்தாலே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும். போன வருடம் அதை நம்பி ஒருவர் இரண்டு ஊழியர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்.