அப்பாவின் பழைய கார் பெட்டியும் குழந்தையின் ரத்தப் பரிசோதனையும்

இரண்டு வயதுப் பையன். முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், மலம் சரியாகப் போவதில்லை, இரண்டு மாதம் இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் ரத்த சோகை குறையவில்லை என்று பெற்றோர் கூட்டிவந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் தன் கையிலிருந்த சிவப்புத் தீயணைப்பு வண்டியை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தான். உள்ளங்கையில் அடங்குகிற வண்டி. ஓரமெல்லாம் பெயின்ட் போய் சாம்பல் நிற உலோகம் தெரிந்தது.

“எங்க அப்பா விளையாடினது டாக்டர். அப்புறம் நான் விளையாடினேன், இப்ப இவன். இந்த மாதிரி ஒரு பெட்டி நிறைய சேர்த்து வெச்சிருக்கேன்” என்றார் பையனின் அப்பா. சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாகவே புரிந்தது. என்னிடமும் சிறுவயதில் ஒரு பச்சைக் கார் இருந்தது. அதன் கனமும், தரையில் தேய்த்து விட்டால் ஓடிப்போய்ச் சுவரில் முட்டுகிற சத்தமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதைக் கடித்தபோது நாக்கில் ஏறிய உலோகச் சுவையும் கூடத்தான். நாங்கள் எல்லோருமே கடித்திருக்கிறோம்.

இந்த மாதிரிக் குட்டி வண்டிகளில் பிரபலமான ஒரு வரிசையின் கதையே ஒரு குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று மகளின் பள்ளியில் விதி இருந்ததால், லண்டனில் பொம்மைகள் செய்த லெஸ்னி நிறுவனத்தில் இருந்த ஜாக் ஓடெல் அவளுக்காகக் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953-ல் மேட்ச்பாக்ஸ் வரிசை வந்தது. அதற்கு முன்பே, 1934-லேயே, டிங்கி என்ற பெயரில் பொம்மைக் கார்கள் கடைக்கு வந்துவிட்டன. 1956-ல் கார்கி, 1968-ல் ஹாட் வீல்ஸ். சேகரிப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். அந்தக் காலத்தில் பெயின்டில் ஈயம் கலப்பது சகஜம் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட் கலப்பார்கள். ஆரம்ப கால டிங்கிகள் சிலவற்றில் உடம்பே ஈயக் கலவைதான். பின்னாளில் துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். அந்தத் துத்தநாகத்தில் ஈயமோ தகரமோ துளி அதிகமாகக் கலந்திருந்தால், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல் விட்டு உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பல பெட்டியில் வைத்த இடத்திலேயே நொறுங்கிப்போவது இதனால்தான்.

அமெரிக்காவில் பொம்மைப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது 1978-ல். பத்து லட்சத்தில் 600 பங்கு என்று இருந்த அந்த வரம்பை 2009-ல் 90 ஆகக் குறைத்தார்கள். அதற்கெல்லாம் முந்தைய வண்டி என்றால், பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஈயப் பரிசோதனை செய்யச் சொன்னேன். விரல் நுனியில் குத்தி எடுக்கிற ரத்தம் வேண்டாம், ரத்த நாளத்திலிருந்தே எடுங்கள் என்றேன். விரலில் ஒட்டியிருக்கும் ஈயத் தூள் முடிவைக் கெடுத்துவிடும். டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் வந்தது. 3.5-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதே அளவு ஈயம் உள்ளே போனால், பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு சின்னக் குழந்தையின் உடம்பில் சேரும். இரும்புச் சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையலாம், எலும்பில் சேர்ந்தது பல பத்தாண்டுகள் தங்கும். பாதிப்பு மூளைக்கும் போகிறது. கற்கும் திறனும் கவனமும் குறைந்தால் அதை முழுதாகத் திருப்பிக் கொடுக்க என்னிடம் மருந்து இல்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. இந்தப் பையனுக்கு வயிற்று வலியாவது வந்தது, அதனால் கண்டுபிடித்தோம்.

45-க்குக் கீழே இருக்கும்போது ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாகத் தேவைப்படாது. வண்டியைக் குழந்தையின் கைக்குக் கொடுப்பதை நிறுத்துவதுதான் வைத்தியம். இரும்பும் கால்சியமும் கொடுத்து, மறுபடி ரத்தம் பார்க்க நாள் குறித்தோம். பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எனக்கே மனம் வராது. கண்ணாடி அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அலமாரியை ஈரத்துணியால் துடையுங்கள் என்றேன். ஈயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே தேய்த்துப் பார்க்கும் குச்சிகளை நம்ப வேண்டாம். எக்ஸ்ரே கதிரால் அளக்கும் கருவி உள்ள பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் சரியாகச் சொல்வார்கள். இன்னொன்று, பழைய ரப்பர் டயர்கள் காய்ந்து கழன்றுவிடும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தொண்டையில் அது சிக்கலாம்.

கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி, “பழைய பெயின்டைச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சா கொடுக்கலாமா?” என்று கேட்டார். இப்படிச் சுரண்டிச் சுரண்டி ஏற்கெனவே எத்தனை வண்டிகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருபதுக்கு மேல். உப்புத்தாள் வைத்து, படுக்கையறை மேசையில், ராத்திரி பையன் தூங்கின பிறகு.

உப்புத்தாளால் தண்ணீர் தொடாமல் உலர்வாகத் தேய்த்தால் பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத தூளாகிவிடும். தரையிலும் விரிப்பிலும் துணியிலும் படியும். தவழுகிற குழந்தை அதைக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும், தேய்த்தவர் மூச்சிலேயே இழுப்பார். வண்டியைச் சப்பியதை விட இந்தத் தூள்தான் பையனிடம் அதிகம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். சேகரிப்பவர்களுக்கும் பழைய பெயின்ட் அப்படியே இருந்தால்தான் மதிப்பு அதிகம். ஆகவே கை வைக்காமல் விடுவதே எல்லா விதத்திலும் நல்லது.

அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். மகனை விட அவருக்கு அதிகமாக வந்தது, 24. மேசையைக் காலி செய்து, அறையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, விரிப்பை எடுத்துவிட்டதாக அடுத்த முறை வந்தபோது சொன்னார். பையனுக்கு 11 ஆகக் குறைந்திருந்தது. இந்த முறை அவன் கையில் இருந்தது புதுக் கார், நீல நிறம். அதையும் வாயில்தான் வைத்திருந்தான்.