டீப்பாய்: சொல்லும் பொருளும்

வரவேற்பறையில் சோபாவுக்கு முன்னால் போடும் உயரம் குறைந்த மேசையை டீப்பாய் என்கிறோம். தேநீர்க் கோப்பை வைப்பதால் இப்பெயர் வந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இச்சொல்லின் பிறப்புக்கும் தேநீருக்கும் தொடர்பே இல்லை. மூன்றைக் குறிக்கும் இந்திச் சொல்லும் காலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'பாய்' என்பதும் சேர்ந்த 'திபாயீ' என்பதே இதன் மூலம். நான்கு கால் கட்டிலான 'சார்பாய்' என்பதைப் பின்பற்றி ஐரோப்பியர் எவரேனும் இதைப் படைத்திருக்கலாம் என்கிறது, யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. இவர்களுள் பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர்.

இங்கிலாந்தில் இச்சொல்லின் முதல் அசை தேநீரை நினைவூட்டவே, பொருளும் மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுத் தச்சர்கள், அடி குறுகி மேல் விரிந்த பூட்டுள்ள மரப்பேழையை ஒரு தண்டின் மேல் பொருத்தி, உள்ளே மூடியிட்ட தேயிலைச் சிமிழ்களும் தேயிலை வகைகளைக் கலக்கக் கண்ணாடிக் கிண்ணங்களும் வைத்து, அதற்கே இப்பெயரைச் சூட்டினர். மூன்று கால் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியபடி அவற்றுள் பல நான்கு பாதங்களில் நிற்பது, தவறான சொற்பிறப்பு ஒரு பொருளின் வடிவத்தையே மாற்றியதற்கு அரிய சான்று.

மூலப் பொருளுக்கு நெருக்கமானது, 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில மூன்று கால் வட்டமேசையே. மூன்று கால்கள் என்பதால் மேடுபள்ளமான தரையிலும் அது ஆடாது. சிறந்த மேசைகளில் மேற்பலகைக்கு அடியில், இரண்டு சதுரப் பலகைகளையும் அவற்றுக்கிடையே நான்கு சிறு கடைசல் தூண்களையும் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. பறவைக்கூண்டு என்று அதற்குப் பெயர். மூன்று கால்களும் பொருந்திய நடுத்தண்டு அதனுள் நுழைய, ஓர் ஆப்பு அதை இருத்திப் பிடிக்கிறது. இதனால் பலகை சுழலும், செங்குத்தாகச் சாயும், ஆப்பை உருவினால் தனியே கழன்றும் வரும். அலைபோல் நெளியும் அதன் விளிம்பு ஒட்டவைத்ததன்று. தடித்த ஒரே பலகையின் நடுப்பரப்பை முழுவதும் செதுக்கித் தாழ்த்தி, ஓரத்தை மட்டும் உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அந்த உழைப்புக்காகவே இம்மேசையை நின்று பார்க்க வேண்டும். மரம் இழையின் குறுக்கே சுருங்குவதால், பழைய வட்டப்பலகையை இழையின் போக்கிலும் குறுக்கிலும் அளந்தால் சற்றே நீள்வட்டமாக இருக்கும். பழமையைக் கணிக்க இது நல்ல குறிப்பு.

தமிழில் 'தேநீர் மேசை' என்று பெயர்ப்பது பிழையான பிறப்பை உறுதிப்படுத்திவிடும். 'முக்காலி' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தினும், அது இன்று உட்காரும் பலகையையே குறிக்கிறது. ஆகவே மூன்று கால் உடையதை 'முக்கால் மேசை' என்றும், நம் வீட்டு டீப்பாயைக் 'குறுமேசை' என்றும், ஆங்கிலேயரின் பெட்டியைத் 'தேயிலைப் பேழை' என்றும் பிரித்து வழங்கலாம். மேசை என்பதும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததே. ஆயினும் தமிழில் நெடுங்காலம் நிலைத்துவிட்ட அச்சொல்லை விலக்கத் தேவையில்லை.