பிள்ளைக் காம்பராவில் வெளியேற்ற ஒத்திகை: பெற்றோர் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்

தேயிலைத் தோட்டத்தில் அம்மாமார் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போனபின் கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் பகல் முழுவதும் இருப்பது பிள்ளைக் காம்பராவில். அரசாங்கக் கடிதங்களில் இதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதுவார்கள். தோட்டக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் சேர்ந்து இவற்றை நடத்துகின்றன. கடும் மழையில் மண் இறங்கும் என்று எச்சரிக்கை வந்தால், இந்தப் பிள்ளைகளை யார் தூக்குவது, எந்த வழியால் போவது, எங்கே சேர்ப்பது? இதற்கு எழுத்தில் ஒரு திட்டமும் நடந்து பார்த்த ஒத்திகையும் இருக்க வேண்டும். தங்கள் தோட்டத்தில் அது இருக்கிறதா என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. சுனாமிக்குப் பிறகு வந்த சட்டம் இது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் இதன் கீழ்தான் இயங்குகிறது. மாவட்டச் செயலகத்தில் அதற்கு ஓர் ஒருங்கிணைப்புப் பிரிவு உண்டு. பிரதேச செயலகமும் கிராம உத்தியோகத்தரும் அதனோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். கிராம மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவக் குழுக்களும் அமைக்கப்படுகின்றன. பிள்ளைக் காம்பராவைச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் கிராமக் குழுவின் திட்டத்தில் அதையும் எழுதச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்களின் பெயர் மட்டும் எழுதிவிட்டு, பகலில் பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தை விட்டுவிட்டால் அந்தத் திட்டம் இரவுக்கு மட்டும்தான் உதவும்.

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அது மூன்று நிறங்களில் வரும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சிவப்பு: உடனே வெளியேறுங்கள். அளவுகள் பொதுவானவை. தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று இறுகிப்போன கதவு, கானில் சேற்றுநிறத் தண்ணீர், இல்லாத இடத்தில் புது ஊற்று, இருந்த ஊற்று நின்றுபோவது, இவற்றில் எதைக் கண்டாலும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, வெளியேறிவிட வேண்டும்.

இந்த மூன்று நிறமும் தன் காலால் நடக்கும் ஆளை நினைத்து வகுத்தவை. பிள்ளைக் காம்பராவுக்கு சிவப்பு வரும்வரை காத்திருப்பது சரிவராது என்பது என் உறுதியான எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டுப் பிள்ளைகள், அதில் ஆறு பேர் நடக்காதவர்கள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றின் கையைப் பிடிக்கலாம். அதற்கு மேல் முடியாது. மிச்சம் பதினான்கு பிள்ளைகள். வழுக்கும் படிக்கட்டில், கொட்டும் மழையில், இரண்டாம் முறை திரும்பி வருவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. ஆகவே செம்மஞ்சள் அறிவித்த உடனேயே பிள்ளைக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். மலையில் நிற்கும் தாய்மாருக்குக் கங்காணி மூலம் சொல்லியனுப்பி, அவர்களை வேலையிலிருந்து விட வேண்டும். தொலைபேசியை மட்டும் நம்ப முடியாது, பல மலைகளில் சிக்னல் கிடைக்காது. பாடசாலைக்கு லீவு விட்டாலும் மலையில் வேலை நடந்தால் பிள்ளைக் காம்பரா பெரும்பாலும் திறந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டைத் தோட்ட நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள்.

ஒத்திகை என்றால் மணி அடித்து முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதல்ல. மூன்று வயதுப் பிள்ளைக்கு மண்சரிவைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. விசில் கேட்டால் கயிற்றைப் பிடி என்று பழக்கினால் போதும். ஒரு நீளக் கயிற்றில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பிள்ளை, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தால் அது அவர்களுக்கு விளையாட்டு. கைக்குழந்தைகளைத் தூக்கப் பக்கத்து லயத்தில் பகலில் இருக்கும் பெரியவர்களை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். பென்ஷன் வாங்கி வீட்டிலிருக்கும் தாத்தாமார், இரவு வேலை முடித்து வந்த அப்பாமார், யாராக இருந்தாலும் இந்த ஆளுக்கு இந்தக் குழந்தை என்று பட்டியல் சுவரில் இருக்கட்டும்.

ஒரு ஒத்திகையையாவது மத்தியானத் தூக்க நேரத்தில் வையுங்கள். பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை அழும், செருப்பைத் தேடும், அம்மா என்று வாசலில் உட்கார்ந்துவிடும். எத்தனை நிமிடம் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். வழியையும் மழை பெய்யும் நாளில் நடந்து பாருங்கள். வெயிலில் சும்மா கிடக்கும் குறுக்குக் கான் மழையில் ஆறாகிவிடும். ஓடையோரமாகப் பள்ளத்தை நோக்கி இறங்கும் பாதை வேண்டாம். மண் வரும் திசைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகிப்போகும் பாதையே வேண்டும். சேரும் இடம் கோயிலோ பாடசாலையோ மண்டபமோ, அதற்குப் பின்னாலும் ஒரு சரிவு இருக்கலாம். அந்த இடம் பாதுகாப்பானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம், குளவி. மண்சரிவுக்குப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வேண்டும். குளவி கலைந்தால் உள்ளே வைத்துக் கதவு சன்னலை இறுக்கி மூட வேண்டும். மின்னலுக்கும் உள்ளேதான். இரண்டுக்கும் ஒரே விசில் என்றால் பிள்ளைகளும் ஆயாவும் குழம்பிப்போவார்கள். வெளியே போக விசில், உள்ளே இருக்க மணி என்று பிரித்துப் பழக்குங்கள்.

கதவருகே ஒரு பை எப்போதும் தொங்கட்டும். வரவுப் பதிவேடு, பிள்ளைகளின் பெயர், தாய் தந்தை பெயர், லய இலக்கம், வேறு யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற விபரம், சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் உள்ள ஒவ்வாமை, நோய் விபரங்களின் பிரதி, கம்பளி, பொலித்தீன், டோர்ச், கொதித்தாறிய தண்ணீர், பிஸ்கட், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி. கம்பளியை முதலில் வையுங்கள். நனைந்த சின்னப் பிள்ளைக்குக் குளிர் வெகு சீக்கிரம் ஏறும்.

காலத்தைப் பொறுத்தவரை, அட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேல் மழைக்கு முன், ஏப்ரலில் ஒரு ஒத்திகை. ஒக்டோபர், நவம்பர் மழை எல்லாப் பக்கமும் கொட்டும் என்பதால் செப்டெம்பரில் இன்னொன்று. பதுளைப் பக்கத்துக்கு இந்த இரண்டாவதுதான் மிக முக்கியம். அங்குள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை. டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் கடைசியில்.

மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்னைய ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்களும் லயத்திலேயே இருந்தார்கள். உங்கள் பிள்ளைக் காம்பரா நிற்கும் நிலம் பரிசோதிக்கப்பட்டதா என்று இன்றே கேளுங்கள். பரிசோதிக்காவிட்டால் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோரலாம். தாய்மார் சங்கமாகச் சேர்ந்து கையெழுத்து வைத்தால் நல்லது, பிரதியைத் தோட்டத் துரைக்கும் கொடுங்கள். ஏற்கனவே அறிக்கை இருந்தும் கையில் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அவசரம் என்றால் கடிதமெல்லாம் பிறகு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம், அதைக் காம்பராச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.